ஜாஸ் இசைத்தட்டு சேகரிப்பு: பின்னுறையில் உள்ள பெயர்களைப் பின்தொடருங்கள்

ஜாஸ் இசைத்தட்டு வாங்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன், பில் எவன்ஸ் என்று நாலைந்து பெரிய பெயர்களில் ஆரம்பிப்பார்கள். நல்ல ஆரம்பம்தான். இருபது தட்டு சேர்ந்த பிறகுதான் அடுத்து என்ன வாங்குவது என்று திகைப்பு வரும். கட்டாயம் கேட்க வேண்டிய நூறு ஆல்பங்கள் என்கிற மாதிரிப் பட்டியல்களைப் புரட்டினால் அவற்றிலும் அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இந்த வட்டத்தை விட்டு வெளியே வர ஒரு பழக்கம் போதும். முன்னுறையில் பெரிய எழுத்தில் உள்ள பெயரைப் பார்த்ததோடு நிறுத்தாமல், தட்டைத் திருப்பி, பின்னுறையில் பொடி எழுத்தில் உள்ள பெயர்களைப் படிக்க வேண்டும். கவனிக்கப்படாமல் போன கலைஞர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

செஷன் என்றால் என்ன

ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு ஸ்டூடியோவில், இன்னின்னார் கூடி வாசித்துப் பதிவுசெய்த சில மணி நேரத்துக்குப் பெயர் செஷன். ஜாஸில் அடிப்படை அலகு இதுதான். ஆல்பம் என்பது அந்தப் பதிவுகளிலிருந்து கம்பெனி பிறகு கட்டித் தருவது. ஒரே செஷன் முழு ஆல்பமாக வரலாம். மூன்று செஷன்களில் பொறுக்கி எடுத்து ஓர் ஆல்பம் செய்யலாம். டேப் அலமாரிக்குள் போய் இருபது ஆண்டுகள் வெளிவராமலும் கிடக்கலாம்.

யாருடைய பெயரில் செஷன் நடக்கிறதோ அவர் லீடர். மற்றவர்கள் சைடுமேன்கள், அந்த நாளுக்கென்று அழைக்கப்பட்டவர்கள். இன்று சைடுமேனாக வாசித்தவர் அடுத்த வாரம் லீடராக இருப்பார்; இன்றைய லீடர் அவருக்கு சைடுமேனாக வருவார். பல ஆண்டுகள் மாறாமல் நீடித்த குழுக்களும் உண்டு என்றாலும், 1950-களிலும் 60-களிலும் நியூயார்க்கில் பதிவான பெரும்பாலான தட்டுகள் இப்படி அந்தந்த நாளுக்குக் கூடியவர்களின் வேலை.

எல்லாரும் வைத்திருக்கும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வையே எடுத்துப் பாருங்கள். அது இரண்டு நாள் வேலை: 1959 மார்ச் 2, ஏப்ரல் 22. பியானோ பில் எவன்ஸ் என்று நினைத்துக்கொண்டு கேட்பவர்கள் அதிகம். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்ற ஒரு பாட்டில் மட்டும் பியானோவில் இருப்பவர் விண்டன் கெல்லி. மார்ச் 2 அன்று மாஸ்டர் டேப் ஓடிய கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் அந்த டேப்பைத் திரும்பப் போட்டபோது சுருதி சற்று உயர்ந்துவிட்டது. அதனால் முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் பல பத்தாண்டுகள் அந்தத் தவறான சுருதியிலேயே விற்றன. 1992-இல் வந்த மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். எந்தப் பாட்டு எந்த நாள் பதிவானது என்று தெரிந்திருந்தால்தான் முதல் பக்கம் மட்டும் ஏன் அப்படி என்பது விளங்கும்.

ஆறு நாள் இடைவெளியில் இரண்டு தட்டு

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்த்துவிடலாம். டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பார்ட் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர். லீடராக அவருடைய முதல் ஆல்பம் 'ஓப்பன் செசமி', ப்ளூ நோட் வெளியீடு, வரிசை எண் 4040. பதிவான நாள் 1960 ஜூன் 19. பின்னுறையில் உள்ளவர்கள்: டெனர் சாக்ஸபோன் டினா புரூக்ஸ், பியானோ மெக்காய் டைனர், பாஸ் சாம் ஜோன்ஸ், டிரம்ஸ் கிளிஃபர்ட் ஜார்விஸ்.

டைனரை கோல்ட்ரேனின் குழுவால் எல்லாருக்கும் தெரியும். சாம் ஜோன்ஸ் பழகிய பெயர். டினா புரூக்ஸ் யார்? பாட்டுகளை எழுதியவர்கள் பெயரைப் பாருங்கள். தலைப்புப் பாட்டும் 'ஜிப்ஸி ப்ளூ'வும் அவர் எழுதியவை. வேறொருவரின் முதல் ஆல்பத்துக்குத் தலைப்புப் பாட்டையே கொடுத்தவரின் பெயர் ஏன் நமக்குத் தெரியவில்லை என்று அங்கேயே நின்று கேட்க வேண்டும்.

அடுத்த எண்ணைப் பாருங்கள். 4041, 'ட்ரூ ப்ளூ'. லீடர் டினா புரூக்ஸ். பதிவான நாள் ஜூன் 25, ஆறே நாள் கழித்து. டிரம்பெட்டில் ஹப்பார்ட், பாஸில் சாம் ஜோன்ஸ். பியானோவும் டிரம்ஸும் மாறி டியூக் ஜோர்டனும் ஆர்ட் டெய்லரும் வந்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே டெனர் சாக்ஸபோன் இரண்டு வேறு தாளக் கட்டுகளின் மேல் எப்படி நகர்கிறது என்பது காதில் விழும். உரக்கக் கத்தாத வாசிப்பு. நீளமான வாக்கியங்களைக் கட்டி, முடிவில் மெல்ல வளைத்து இறக்குவார்.

புரூக்ஸ் லீடராக ப்ளூ நோட்டுக்கு நான்கு ஆல்பங்கள் அளவுக்குப் பதிவுசெய்தார். 1958-இல் ஒன்று, 1960-இல் இரண்டு, 1961-இல் ஒன்று. அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்தது 'ட்ரூ ப்ளூ' மட்டும். 'பேக் டு த டிராக்ஸ்' ஆல்பத்துக்கு 4052 என்று எண் கொடுத்து, உறை வரைக்கும் வடிவமைத்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். புரூக்ஸ் 1974-இல் 42 வயதில் இறந்தார். 1985-இல் மொசைக் நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக வெளியிட்ட பிறகுதான் அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்பது பரவலாகத் தெரிந்தது. ஹப்பார்டின் தட்டை 1960-இலேயே வாங்கித் திருப்பிப் பார்த்தவருக்கு அந்தத் தகவல் கையிலேயே இருந்தது.

இங்கிருந்து இழை நீளும். கென்னி பர்ரெல், ஜிம்மி ஸ்மித், ஃப்ரெடி ரெட், ஜாக்கி மெக்லீன் ஆகியோரின் தட்டுகளிலும் புரூக்ஸ் இருக்கிறார். அவற்றின் பின்னுறையில் இன்னும் சில தெரியாத பெயர்கள் இருக்கும்.

டிஸ்கோகிராஃபியைப் படிக்கும் விதம்

செஷன் வாரியாக ஒலிப்பதிவுகளை அடுக்கிய பட்டியலுக்கு டிஸ்கோகிராஃபி என்று பெயர். பிரான்சில் சார்ல் டெலோனே 1936-இல் ஜாஸுக்கென்று ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளின் காலத்துக்கு இங்கிலாந்தின் பிரையன் ரஸ்ட் தொகுத்தவை இன்றும் பயன்படுகின்றன. இணையத்தில் டிஸ்காக்ஸ் தளம் ஒரே ஆல்பத்தின் வெவ்வேறு அச்சுகளை ஒப்பிட உதவும். பழைய அமெரிக்கத் தட்டுகளின் பதிவு நாளையும் மேட்ரிக்ஸ் எண்ணையும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

ஒரு பதிவில் வழக்கமாக இருப்பவை: லீடர் பெயர், ஒவ்வொருவரும் அவரவர் கருவியும், ஊர், தேதி, மேட்ரிக்ஸ் எண், டேக், பாட்டின் பெயர், எந்தத் தட்டாக வெளிவந்தது என்ற எண். கடைசி இடத்தில் 'வெளியிடப்படவில்லை' என்றோ 'நிராகரிக்கப்பட்டது' என்றோ இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பிற்கால வெளியீடுகளில் பல அங்கிருந்துதான் முளைக்கின்றன.

மேட்ரிக்ஸ் எண் என்பது பதிவுக்குக் கொடுத்த எண். கடையில் தட்டுக்குப் போட்ட எண் வேறு. லேபிளுக்கும் ஊசி ஓடும் கடைசி வரிக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் அதைப் பொறித்திருப்பார்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை வாசித்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரு டேக். சார்லி பார்க்கர் 1947 அக்டோபர் 28 அன்று டயல் நிறுவனத்துக்காக 'எம்ப்ரேசபிள் யூ'வை இரண்டு டேக் வாசித்தார். ஒரே நாள், அதே குழு, அதே பாட்டு. ஆனால் இரண்டு சோலோக்களுக்கும் இடையே ஒற்றுமை மிகக் குறைவு. பாட்டின் பெயரை மட்டும் பார்த்து 'இது என்னிடம் இருக்கிறது' என்று ஒதுக்குகிறவர் இரண்டாவது டேக்கை இழந்துவிடுவார்.

பெயர்களில் இடறுவது எல்லாருக்கும் நடப்பது. மைல்ஸ் டேவிஸோடு வாசித்த பில் எவன்ஸ் இருவர்: ஒருவர் பியானோ, 1980-இல் இறந்தவர், இன்னொருவர் 1980-களில் மைல்ஸோடு இருந்த சாக்ஸபோன் கலைஞர். யூசெஃப் லத்தீஃப் மதம் மாறுவதற்கு முன் இருந்த பெயரும் பில் எவன்ஸ்தான். ஜோ ஜோன்ஸ் என்று டிரம்ஸ் கலைஞர் இருவர் உண்டு: கவுன்ட் பேசியோடு இருந்தவர் ஒருவர், மைல்ஸோடு இருந்த ஃபில்லி ஜோ இன்னொருவர். கருவி, ஆண்டு, ஊர் மூன்றும் பொருந்தாமல் இரண்டு பதிவுகளை ஒரே ஆளுக்கு எழுதிவிடக் கூடாது.

வேறொரு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் புனைபெயரில் வாசித்ததும் உண்டு. லூயிஸ் ஸ்மித்தின் 1958 தட்டில் உள்ள 'பக்ஷாட் லா ஃபங்க்' யாரென்றால் கேனன்பால் அடர்லி. 1953 டொரன்டோ மேஸி ஹால் கச்சேரித் தட்டில் உள்ள 'சார்லி சான்', சார்லி பார்க்கர்.

ஏன் மறக்கப்பட்டார்கள்

திறமை போதாததால் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தட்டுகளைக் கேட்டால் அது பொய் என்று தெரியும். காரணம் பெரும்பாலும் இசைக்கு வெளியே இருக்கிறது.

சில சமயம் பதிவே நடக்கவில்லை. அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவை நிறுத்திவைத்தது. பெரிய கம்பெனிகளான கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பரில்தான் உடன்பட்டன. பீபாப் என்ற வேகமான புது ஜாஸ் பாணி உருவான காலம் அது. பார்க்கரும் டிஸி கில்லெஸ்பியும் சேர்ந்து இருந்த ஏர்ல் ஹைன்ஸின் 1943 இசைக்குழுவுக்கு ஸ்டூடியோ பதிவு ஒன்றுகூட இல்லை. அந்தக் குழுவில் இருந்த மற்றவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புபவை, அமெரிக்கப் படைவீரர்களுக்காக 1943 முதல் 1949 வரை அச்சான வி-டிஸ்க் தட்டுகளும் வானொலி ஒலிபரப்புப் பதிவுகளும்தான்.

சில சமயம் பதிவு நடந்து, டேப் அழிந்தது. ஃபிலடெல்ஃபியாவின் பியானோ கலைஞர் ஹசான் இப்ன் அலி, டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சோடு வாசித்த ஒரே ஒரு ஆல்பம் 1965-இல் வந்தது. அதே ஆண்டு அட்லாண்டிக் கம்பெனிக்கு இன்னொரு செஷன் செய்தார். வெளிவரவில்லை. 1978-இல் அட்லாண்டிக்கின் கிடங்கு எரிந்தபோது அந்த டேப்பும் போய்விட்டது என்றே எல்லாரும் நம்பினார்கள். எங்கோ இருந்த ஒரு பிரதி கிடைத்து, 2021-இல்தான் வெளிவந்தது.

சிலர் துறையை விட்டே போய்விட்டார்கள். லைப்சிக்கில் பிறந்த யூட்டா ஹிப் 1955-இல் நியூயார்க் வந்தார். 1956-இல் ப்ளூ நோட்டுக்கு மூன்று தட்டுகள் வாசித்தார். பிறகு ஒரு துணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பியானோவுக்குத் திரும்பவே இல்லை. பாஸ் கலைஞர் ஹென்றி கிரைம்ஸின் கதை இன்னும் கனமானது. சோனி ரோலின்ஸ், சிசில் டெய்லர், ஆல்பர்ட் அய்லர் ஆகியோரோடு வாசித்தவர் 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனார். பழுதான பாஸைச் சரிசெய்யப் பணமில்லாமல் விற்றுவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தகவலே இல்லை. இறந்துவிட்டார் என்று எழுதியவர்களும் உண்டு. 2002-இல் ஜாஸ் ரசிகரான ஒரு சமூகப் பணியாளர் லாஸ் ஏஞ்சலஸில் ஒற்றை அறையில் வாழ்ந்த அவரைக் கண்டுபிடித்தார். அய்லர் 1970-இலேயே இறந்த செய்தி கூட அதுவரை கிரைம்ஸுக்குத் தெரியாது. வில்லியம் பார்க்கர் என்ற பாஸ் கலைஞர் தன்னிடமிருந்த ஒரு பாஸை அனுப்பிவைத்தார். 2003-இல் மேடைக்குத் திரும்பிய கிரைம்ஸ், 2020-இல் இறக்கும்வரை இசையோடு இருந்தார்.

டெட்ராய்ட்டின் டாரத்தி ஆஷ்பி வாசித்தது ஹார்ப் என்ற பெரிய நரம்புக் கருவி. ஜாஸில் ஹார்புக்கு என்ன வேலை என்ற அலட்சியம் ஒரு பக்கம், கறுப்பினப் பெண் என்பது மறுபக்கம். 1957-இல் வந்த அவருடைய முதல் தட்டைக் கேளுங்கள். புல்லாங்குழலில் இருப்பவர் ஃப்ராங்க் வெஸ், கவுன்ட் பேசி குழுவைச் சேர்ந்தவர். வெஸ்ஸின் பெயரைப் பின்தொடர்ந்து ஆஷ்பியிடம் வந்து சேர்ந்தவர்கள் பலர். இந்த முறையின் அழகே அதுதான்.

எந்த அச்சை வாங்குவது

முதல் அச்சுக்காகக் காசைக் கொட்டுவது தொடக்கத்தில் வேண்டாம். இசையைக் கேட்பதற்கு நல்ல மறுவெளியீடு போதும். இருந்தாலும் லேபிளைப் படிக்கத் தெரிந்திருந்தால் ஏமாறாமல் இருக்கலாம். ப்ளூ நோட்டை எடுத்துக்கொள்வோம். 1950-களின் லேபிளில் லெக்சிங்டன் அவென்யூ முகவரி. 1957-க்குப் பிறகு 47 மேற்கு 63-ஆம் தெரு. 1962 வாக்கில் 'நியூயார்க் யுஎஸ்ஏ' மட்டும். லிபர்ட்டி நிறுவனம் வாங்கிய பிறகு, 1966 முதல், லிபர்ட்டி பெயர். வெற்று வளையத்தில் காது போன்ற ஒரு குறி இருந்தால் 1966-க்கு முன் பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானது. 'ஆர்விஜி' அல்லது 'வான் கெல்டர்' என்றிருந்தால் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரே வெட்டிய மாஸ்டர், அதாவது மற்றப் பிரதிகளுக்கு மூலமான தட்டு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'ஆர்விஜி' முத்திரை இருந்தாலே முதல் அச்சு ஆகிவிடாது. அதே உலோக அச்சுகளை லிபர்ட்டியும் பயன்படுத்தியது. பழைய லேபிள் காகிதம் மீந்திருந்தால் அதையும் ஒட்டினார்கள். முத்திரை இருந்து காதுக் குறி இல்லையென்றால் 1966-க்குப் பிந்தையது என்று கொள்ளலாம். விலை வெகுவாகக் குறையும், ஒலி ஏறக்குறைய அதேதான். கேட்பதற்கு வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1962 வரை வெளியான பதிவுகளின் ஒலிப்பதிவு உரிமை காலாவதியாகிவிட்டது. அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு சிடியிலிருந்தே எல்.பி. எனப்படும் நீண்ட நேர வினைல் தட்டை வெட்டி விற்க முடியும். உறையில் மாஸ்டரிங் செய்தவர் பெயரோ, எந்த டேப்பிலிருந்து எடுத்தது என்ற விவரமோ இல்லையென்றால் தள்ளி வையுங்கள். மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் 1980-களின் தொடக்கத்தில் நிறுவிய மொசைக்கின் பெட்டிகளில் செஷன் வாரியான முழு விவரமும் சிறு நூலாகவே வரும். அந்த நூலுக்காகவே வாங்கலாம்.

தரக் குறியீட்டில் ஒரு எச்சரிக்கை. 'வெரி குட்' என்று போட்டிருந்தால் மிக நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. இசையோடு சேர்ந்து கரகரப்பும் கேட்கும். நிம்மதியாகக் கேட்க 'வெரி குட் பிளஸ்' வேண்டும். கண்ணால் பார்த்துப் போட்ட தரமா, ஓடவிட்டுக் கேட்டுப் போட்டதா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

78 சுற்றுத் தட்டுகள்

1917 பிப்ரவரியில் பதிவான ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டின் தட்டுதான் ஜாஸின் முதல் தட்டு என்பார்கள். அதிலிருந்து 1948-இல் எல்.பி. வரும்வரை ஜாஸ் வாழ்ந்தது ஷெல்லாக்கில், அதாவது எளிதில் உடையும் அரக்குத் தட்டில். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்.

எல்.பி. ஊசியால் இதை ஓட்டக் கூடாது. எல்.பி. ஊசியின் முனை ஏறக்குறைய 25 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. 78-இன் வரி அகலமானது, 75 மைக்ரான் அளவு முனை வேண்டும். சிறிய முனை வரியின் அடியில் உராய்ந்து இரைச்சலை மட்டும் எடுத்துத் தரும். மாறாக, கைச்சாவி கிராமஃபோனில் வினைலை வைத்தால் அதன் கனத்த இரும்பு ஊசி ஒரே ஓட்டத்தில் வரியைச் சுரண்டிவிடும். எல்லாத் தட்டும் சரியாக 78 சுற்றில் பதிவானவையும் அல்ல. சுருதி இடறினால் வேகத்தைச் சற்று மாற்றிப் பார்க்க வேண்டும்.

கழுவும்போது ஷெல்லாக்கில் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்புத் திரவம் போதும். லேபிளை நனைக்காமல், வரியின் போக்கிலேயே மென்தூரிகையால் துடைத்து, சுத்தமான நீரால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். எல்லாத் தட்டுகளையும் நட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள். சாய்ந்து நின்றால் வினைல் வளையும், அடுக்கிப் படுக்கவைத்தால் அடியில் உள்ள ஷெல்லாக் உடையும். உறையோடு 100 எல்.பி. ஏறக்குறைய 25 கிலோ வரும் என்பதால் அலமாரிப் பலகை உறுதியாக இருக்கட்டும். பிவிசி உள்ளுறைகளை எறிந்துவிடுங்கள். நாளடைவில் தட்டின் மேல் மங்கலான படலம் படியும்.

ஒரு நோட்டும் ஒரு பெயரும்

தொடங்குவதற்குச் செலவே இல்லை. உங்களிடம் இருக்கும் பிடித்த தட்டு ஒன்றில் தெரியாத பெயர் ஒன்றை எடுங்கள். அவர் வாசித்த எல்லா செஷன்களையும் தேதி வரிசையில் எழுதுங்கள்: தேதி, லீடர், உடன் வாசித்தவர்கள், வெளியான ஆண்டு. பதிவான ஆண்டுக்கும் வெளியான ஆண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி உள்ள வரிகளை அடிக்கோடிடுங்கள். அந்தப் பதிவுகளை முதலில் ஸ்ட்ரீமிங்கில் கேளுங்கள், பிடித்தால் மட்டும் தட்டாக வாங்குங்கள். பெயர்ப்பட்டியலில் சந்தேகம் இருந்தால் இரண்டு டிஸ்கோகிராஃபிகளை ஒப்பிடுங்கள். ஒன்றில் உள்ள தவறு இன்னொன்றிலும் அப்படியே நகலாகியிருக்கக்கூடும். அதனால் கடைசித் தீர்ப்பைக் காதிடம் விடுவது நல்லது.

பழைய தட்டுக் குவியலில் அச்சடித்த லேபிள் இல்லாமல், கையால் எழுதிய, விளிம்பில் அலுமினியம் தெரிகிற தட்டு கிடைத்தால் கவனம். அது ஒரே பிரதியாக வெட்டிய அசிடேட்டாக இருக்கலாம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதன் மேற்பூச்சு தேயும். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பூச்சு சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, எழுதியிருப்பதை அப்படியே புகைப்படம் எடுத்து, ஒலி ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடர்புகொள்ளுங்கள். 1957 நவம்பர் 29 அன்று தெலோனியஸ் மங்க்கும் கோல்ட்ரேனும் கார்னகி ஹாலில் வாசித்த கச்சேரியின் டேப் 48 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2005-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையின்போது ஒரு பெட்டியில் கையெழுத்தில் இருந்த 'டி. மங்க்' என்ற குறிப்பை ஒருவர் நின்று படித்ததால்தான் அது வெளியே வந்தது.